கடவுச்சொல் இல்லாத வலி ஏற்கப்படாது

பிரசவ வலியை முழுமையாகப் புரிந்துகொண்ட முதல் ஆண் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் 'இயற்கைப் பிரசவத் துணைவர், முதல் நிலை' என்ற சான்றிதழில் என் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. சான்றிதழோடு வாதாட நான் யார்? மனைவியின் பெயர் அதில் இல்லை. அவள் வகுப்புக்கு வந்ததோடு சரி. தேர்வு எழுதியவன் நான்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு நான் தலைவர். ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் எங்களுக்குத்தான் போன் செய்வார். நான் பொறுப்பேற்கும்வரை அங்கே ஒழுங்கு என்பதே கிடையாது. "ஐயோ, மாட்டிக்கிட்டோம்" என்று யாராவது கத்தினால் உடனே மெக்கானிக்கை அனுப்பிவிடுவார்கள். ஐயோ என்பது ஒரு புகாரா? நான் விதி கொண்டுவந்தேன். லிஃப்டின் பதினோரு இலக்க எண்ணைச் சொன்னால்தான் புகார் பதிவாகும். அந்த எண் ஒளிவுமறைவில்லாமல், லிஃப்டுக்கு வெளியே, கதவுக்கு மேலே தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றே மாதத்தில் புகார்கள் பாதியாகக் குறைந்தன. நிர்வாகம் எனக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தது.

என் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். ஆறாவது மாதத்தில் ஒருநாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஊசி மருந்து இல்லாம பெத்துக்கணும்னு எனக்கு ஆசை. முடிஞ்ச மட்டும் பாக்கறேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன். அப்ப நீங்க கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கேக்கறதுதானே என் உத்தியோகமே?" என்றேன்.

"அதான் பயமா இருக்கு."

வகுப்பில் சேர்ந்தோம். மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் எட்டுப் பாய், எட்டுப் பெரிய ரப்பர் பந்து, எட்டுத் தம்பதி. பயிற்றுநர் உயரமானவர், மெல்லிய குரல்காரர். எந்தக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்வார். 'வலி' என்ற சொல்லுக்கு அங்கே தடை. அதன் பெயர் 'அலை'.

"அலை வரும்போது எதிர்க்காதீங்க. அது மேல மிதங்க" என்றார்.

அடுத்த பாயில் இருந்த பெண் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "சார், உங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கு அலை?" என்று கேட்டார்.

பயிற்றுநர் கண்ணை மூடினார். "நான் கரையில நிக்கறவன்மா."

பெண்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஆண்கள் எட்டுப் பேரும் குறித்துக்கொண்டோம்.

இன்னொரு பொன்மொழியை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். "அலையை ஜெயிச்சவங்க கை நடுங்காது. எல்லாம் முடிஞ்சதும் ஒரு கையெழுத்து போடச் சொல்லிப் பாருங்க. அதுலயே தெரிஞ்சுடும்."

நான்காவது வாரம் கடவுச்சொல் பாடம். உச்சத்தில் பெண் மருந்து கேட்பாள். ஆனால் கேட்பது அவள் அல்ல, அலை. ஆகவே தம்பதி முன்கூட்டியே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் அது கோரிக்கை. அதுவரை வருவதெல்லாம் சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் லிஃப்டில் நான் கண்ட உண்மையை இந்த மனிதர் உடம்பிலேயே கண்டிருக்கிறார்!

"'போதும்'னு வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி.

"அது எல்லாரும் சொல்றது."

"அதனாலதான் சொல்றேன்."

"அலைகூட போதும்னு சொல்லிடும். பாதுகாப்பு பத்தாது."

யோசித்து 'ஒட்டகச்சிவிங்கி' என்று வைத்தேன். எந்த வலியிலும் யாருக்கும் தானாக வாயில் வராது. எங்கள் அலுவலகத்தில் கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றுவது விதி. வீட்டுக்கு ஒரு நீதி, அலுவலகத்துக்கு ஒரு நீதி வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அதை 'நீர்மூழ்கிக் கப்பல்' என்று மாற்றி, ஃப்ரிட்ஜ் கதவில் சுற்றறிக்கை ஒட்டி, படித்ததற்கு அத்தாட்சியாக அவளிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

"ஒருநாள் உங்களை அந்தக் கப்பல்லயே ஏத்தி அனுப்பப் போறேன்" என்றபடி போட்டுக் கொடுத்தாள்.

இவற்றையெல்லாம் தொகுத்து 'வலி மேலாண்மைத் திட்டம், மூன்றாம் திருத்தம்' தயாரித்தேன். பதினான்கு பக்கம். முக்கியமானது ஒன்பதாம் பிரிவு: கடவுச்சொல்லோடு வரும் கோரிக்கை எதுவானாலும் மூன்று நிமிடத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும், துணைவர் உட்பட யாரும் தடுக்கலாகாது. எவ்வளவு தாராளம் பாருங்கள்.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கைகழுவும் தொட்டி, ஒரு ஸ்டீல் மேசை. பொறுப்பில் இருந்த நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவர். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். திட்டத்தின் பிரதி ஒன்றை அவரிடம் மரியாதையோடு நீட்டினேன். அவர் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாக மடித்து, ஸ்டீல் மேசையின் காலுக்கு அடியில் செருகினார்.

"காலைலேருந்து ஆடிட்டே இருந்துச்சு. நல்ல தடிமன் சார்."

திட்டம் முதல் நிமிடத்திலேயே பயன்பாட்டுக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து பணியைத் தொடங்கினேன். (மனைவி உட்கார வேண்டிய பந்துதான். ஆனால் அவள் நடந்துகொண்டே இருந்தாள். பந்து சும்மா கிடப்பானேன்?) கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, அலையின் தொடக்கம், முடிவு, பத்துக்கு எத்தனை என்று மூன்று பத்தியில் எழுதினேன்.

"அலை வருதா?"

"அலையா? லாரி வருது."

"பத்துக்கு எத்தனை?"

"எட்டு."

"போனதுக்கும் எட்டுன்னுதான் சொன்ன. இது பத்து வினாடி குறைச்சல். ஆறரை போடட்டுமா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பவே எட்டைச் செலவு பண்ணிட்டா அப்புறத்துக்கு ரெண்டுதான் மிச்சம் இருக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று விளக்கினேன்.

"பல்லை அடைக்க ரெண்டு ஊசி போட்டுக்கிட்ட ஆளு நீங்க. அன்னிக்கு நான்தான் தலையைப் பிடிச்சுட்டு நின்னேன். எத்தனைன்னு கேட்டேனா?"

"அது அலை இல்லம்மா, பல் வலி" என்றேன். வேறுபாடு தெரியாமல் பேசுவது இந்தக் கட்டத்தில் இயல்புதான் என்று பாடநூலிலேயே இருக்கிறது.

பிறகு மூச்சுப் பயிற்சி. "நாலு எண்ணி உள்ள இழு. ஆறு எண்ணி வெளிய விடு. இப்ப நீ அஞ்சுலயே விட்டுட்ட" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்தினேன். நர்ஸ் குறுக்கே வந்தார்.

"விடுங்க சார். பொறந்ததுலேருந்து மூச்சு விட்டுட்டுதான் இருக்காங்க."

மூன்று மணிக்கு மேல் அலைகள் நெருக்கமாயின. அவள் நின்றபடியே குனிந்து, கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, "முடியல" என்றாள். வெறும் சத்தம். குறித்துக்கொண்டேன். "போதும், நிறுத்துங்க" என்றாள். இதுவும் சத்தம். "என்னங்க, நான் சொல்றது காதுல விழுதா?" என்றாள். விழுந்தது. ஆனால் பதிவாகவில்லை.

திடீரென்று தலையை நிமிர்த்தி, "ஒட்டகச்சிவிங்கி!" என்றாள்.

நர்ஸ் பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா? எங்க?"

"அது போன மாசத்தோட காலாவதி ஆயிடுச்சு" என்றேன் கனிவோடு. "சுற்றறிக்கை பாத்தியே. கையெழுத்துகூடப் போட்ட."

நர்ஸ் என்னைப் பார்த்த மாதிரி என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை. லிஃப்டுக்குள் இருப்பவர்கள் என்னை நேரில் பார்ப்பதில்லை அல்லவா?

அடுத்த அலை ஏறி இறங்கியது. மனைவி கண்ணை மூடி யோசித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நீர்மூழ்கிக் கப்பல்!"

எழுந்து நின்றேன். நான் வகுத்த முறை உச்சக்கட்டத்திலும் வேலை செய்ததை நேரில் பார்த்தால் யாருக்குத்தான் கண் கலங்காது? "சிஸ்டர், கோரிக்கை பதிவாயிடுச்சு. நேரம் நாலு பத்து. ஊசியைக் கொண்டாங்க" என்றேன்.

"ஊசி வேணாம் சிஸ்டர்" என்றாள் மனைவி. "இவரை வெளிய அனுப்புங்க."

வாதாடியிருப்பேன். ஆனால் ஒன்பதாம் பிரிவு இருந்தது. நர்ஸ் குனிந்து மேசைக்கால் அடியிலிருந்து திட்டத்தை உருவி, அந்தப் பக்கத்தைப் புரட்டி, "மூணு நிமிஷம்னு போட்டிருக்கீங்க சார்" என்று காட்டினார். இரண்டாவது நிமிடத்திலேயே நான் வெளியே இருந்தேன். திட்டம் மறுபடியும் மேசைக்குப் போனது.

வராந்தா பெஞ்சில் பக்கத்து அறைப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓவியர், சட்டையில் மூன்று நிறம் ஒட்டியிருந்தது. அவருக்கு மூச்சுமுறை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

"உங்களை ஏன் சார் வெளிய அனுப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"திட்டப்படி" என்றேன்.

இருபது நிமிடம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தார். "கூப்பிடறாங்க. வாயை மட்டும் பெஞ்சுலயே வெச்சுட்டு வரணுமாம்."

அதன் பிறகு நடந்தது எதுவும் அறிக்கையில் இடம்பெறவில்லை. இடம்பெறும்படி எதுவும் நடக்கவும் இல்லை. மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்து லேசாக ஆடிக்கொண்டு நின்றாள். என் கையைப் பின்னால் இழுத்து, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்தாள். "இங்க அழுத்துங்க. இன்னும். எடுக்காதீங்க." அழுத்தினேன். கடிகாரத்தின் பட்டை கீறுகிறது என்றாள், கழற்றிவிட்டேன். அதனால் நேரமும் தெரியாமல் போயிற்று. அவள் மாடு கத்துவது போலத் தாழ்ந்த குரலில் ஓசை எழுப்பினாள். அது நான்குக்கு ஆறு கணக்கில் வரவில்லை. நர்ஸ் "அப்படித்தான்மா, கீழ் சத்தமாவே வரட்டும்" என்றார். 'அழுத்து' என்றபோது அழுத்தினேன், 'விடு' என்றபோது விட்டேன். ஒரு கடைநிலை ஊழியன் செய்யும் வேலை.

நடுவில் ஒருமுறை அவள் "முடியல" என்றாள். கடவுச்சொல்லைக் கேட்க வாயைத் திறந்தேன். வாய் பெஞ்சில் இருப்பது ஞாபகம் வந்தது. அதற்குள் நர்ஸ், "ஊசி போட்டுக்கறியாம்மா? இப்பவும் போடலாம்" என்று சாதாரணமாகக் கேட்டார்.

மனைவி ஒரு மூச்சு யோசித்தாள். "இருங்க, இன்னும் கொஞ்சம் பாக்கறேன். கேட்டா குடுப்பீங்கல்ல?"

"கேட்ட நிமிஷம்."

"சரி."

இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டவுடன் விசாரிப்பது பாதுகாப்பான நடைமுறை அல்ல என்று குறித்துக்கொள்ள நினைத்தேன். ஆனால் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன.

ஆறே முக்காலுக்குப் பெண் குழந்தை. மருந்து ஒரு துளி கிடையாது. குழந்தை பிறந்த நிமிடமே யாருடைய அனுமதியும் இல்லாமல், எந்த எண்ணும் சொல்லாமல், கத்தத் தொடங்கியது. உடனே மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலை, எங்கள் வெற்றியை வகுப்பில் சமர்ப்பிக்க அத்தாட்சி வேண்டும் என்று பிரசவப் பதிவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன். 'வலி குறைய மேற்கொண்ட நடவடிக்கை' என்ற இடத்தில் 'மருந்து எதுவுமில்லை' என்று இருந்தது. மார்பு விரிந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. கொண்டைப் பேனாவின் நீல மையேதான்:

'மாலை 4.12: கணவர் வெளியே அனுப்பப்பட்டார். நல்ல குணம் தெரிந்தது. 4.32: கணவரின் கைகள் மட்டும் உள்ளே அனுமதிக்கப்பட்டன. அதிலும் குணம் தெரிந்தது.'

"சிஸ்டர், இதைத் திருத்தணும்" என்றேன்.

"அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

"அவங்க சொன்னா உடனே எழுதிடறதா?"

"எழுதிடுவோம் சார். உங்க ஆபீஸ் பத்தியும் சொன்னாங்க. இங்க லிஃப்ட் நம்பரெல்லாம் கேக்கறதில்ல."

கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்த மனைவி, தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸைக் கெஞ்சினாள்.

தாளைச் சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் என் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் இரண்டையும் படிக்கிறார்கள். என் சார்பில் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது: அவ்வளவு வலிக்குப் பிறகு, நிதானம் இல்லாத நேரத்தில் சொன்னதை எப்படி வாக்குமூலமாக ஏற்பது? அந்த வாதத்தோடு போய், தாளின் அடியில் 'தகவல் அளித்தவர்' என்ற இடத்தில் அவள் போட்ட கையெழுத்தைக் கண்ணாடிக்கு மேலே விரல் வைத்து, பயிற்றுநர் சொன்ன முறைப்படி எழுத்து எழுத்தாகச் சோதித்தேன்.

ஓர் இடத்தில்கூட நடுக்கம் இல்லை.