பல்லு மாஸ்டர் சுட்ட கிண்ணங்கள்

உலகத்திலேயே மிகச் சிறிய சோற்றுக் கிண்ணத்தைச் செய்தவர் கொட்டாஞ்சேனையில், நான் இருக்கும் வீட்டின் கீழ்த்தட்டில் குடியிருக்கிறார். அந்தக் கிண்ணத்தில் நாலு பருக்கை சோறு பிடிக்கும். ஐந்தாவது வெளியே விழுந்துவிடும். சும்மா சொல்லவில்லை, போட்டுப் பார்த்தேன்.

கிண்ணம் அவ்வளவு சிறிதானதற்குக் காரணம் உண்டு. அவரிடம் அப்போது இருந்தது பல் சுடும் அடுப்பு. பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் பின்னறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து பீங்கான் பல் செய்தவர் அவர். வைத்தியர் ஓய்வு பெற்றபோது அடுப்பை இவரிடமே கொடுத்துவிட்டார். ஒரு தடவைக்கு ஆறு பல் வேகும். பல் வெந்த அடுப்பில் கிண்ணம் வேகாதா என்று ஒருநாள் மாஸ்டருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குள் நுழையக்கூடிய ஆகப் பெரிய கிண்ணம் அதுதான். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லோருக்கும் அவர் பல்லு மாஸ்டர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

மாஸ்டர் கதைக்கும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எனக்கு அது பெரிய ஆறுதல். யாராவது கண்ணைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் இருபது வருஷமாகச் சேலை மடிக்கிறேன். சேலையோடு கதைக்க வேண்டியதில்லை. மேல்மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்து நின்ற நாளில், வீட்டுக்காரி றீற்றா அக்கா ஊர், உத்தியோகம், கலியாணம் என்று வரிசையாக விசாரித்தார். நான் விழுங்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் வந்த மாஸ்டர் என் வாயை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"குடுங்கோ அக்கா. கடைவாய்ப் பல்லு நல்லாத் தேஞ்சிருக்கு. கோவத்தை வெளிய விடாத மனுசன்."

அறை கிடைத்துவிட்டது.

நாலு பருக்கையோடு மாஸ்டர் நின்றிருந்தால் வீட்டில் அமைதி இருந்திருக்கும். ஒருநாள் கல்கிசையிலிருந்து லொறியில் ஒரு பழைய மின்சார அடுப்பு வந்து இறங்கியது. மட்பாண்டம் சுடுவது, தண்ணீர்ப் பீப்பாய் அளவு. பின்பக்கம் உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். எங்கள் வீட்டில் மேலே, கீழே எல்லாவற்றுக்கும் ஒரே மீற்றர். மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் மேலே என் ஃபேன் முனக ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலையும் போட்டால் வீடே அணைந்துவிடும்.

"மாஸ்டர், என்ட சம்பல் பாதி அரைபட்டபடி நிக்குது."

"என்ட கிண்ணமும் பாதி வெந்தபடி நிக்குது, அக்கா."

"சம்பலச் சாப்பிடலாம். உங்கட கிண்ணத்த வச்சு என்ன செய்யிற?"

அந்தக் காலத்துக் கிண்ணங்களில் பாதி வெடித்திருக்கும், மீதி ஒழுகும். ஒழுகாது என்று நம்பி ஒன்றில் எனக்குத் தேநீர் தந்தார். நான் குடிப்பதற்கு முன் கிண்ணமே அதைக் குடித்துவிட்டது.

ஒழுகாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வேண்டும். அதைக் கிளேஸ் என்றார். நிறம் சரிவருமா என்று பார்க்க முதலில் சின்ன மண் துண்டுகளில் பூசிச் சுடுவார்களாம். மற்றவர்கள் அதற்குச் சதுரமாகத் துண்டு வெட்டுவார்கள். மாஸ்டர் பல் செய்தார். "கை தன்ர பாட்டில பல்லுத்தான் செய்யுது, தம்பி" என்றார். பச்சைக் கடைவாய்ப் பல், நீல வேட்டைப் பல், மண்ணிற முன்பல் என்று சுவர் முழுக்க ஆணியில் தொங்கின.

வீடு அடிக்கடி இருள்வதைப் பார்க்க றீற்றா அக்கா ஒரு வயர்மேனைக் கூப்பிட்டார். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யாருடைய பல் என்று சிங்களத்தில் கேட்டார். மாஸ்டர் நேர்மையான மனிதர். ஒன்றும் ஒளிக்காமல், இவை பரீட்சைப் பற்கள்தான், இனித்தான் பெரிதாகச் செய்யப்போகிறேன் என்று அவரது வாயைப் பார்த்தபடி சொன்னார். வயர்மேன் தேநீருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய டெஸ்டர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பிறகுதான் சாம்பல் வந்தது. விறகுச் சாம்பலைக் கரைத்துப் பூசி, போதிய சூட்டில் சுட்டால் அது உருகிக் கண்ணாடியாகும் என்று மாஸ்டர் ஃபோனில் பார்த்திருக்கிறார். அன்று வேலை முடிந்து வந்த என்னை வாசலிலேயே மறித்தார்.

"எரிஞ்சு முடிஞ்ச சாமான் திரும்ப உருகுமாம், தம்பி. மரத்துக்கு மரம் நிறம் மாறுமாம்."

முதல் தடவையாக அவர் என் கண்ணைப் பார்த்துக் கதைத்தார். நான் குனிந்துவிட்டேன்.

அதன்பின் அவர் கைப்பை இல்லாமல் வெளியே போனதில்லை. சந்திப் பேக்கரிக்கார நானா, "மாஸ்டர், ஒங்கட சாம்பல் மூலையில வச்சீக்கி. றப்பர் விறகு மட்டும்தான், கலக்கல்ல" என்று கூப்பிட்டுக் கொடுப்பார். சிரட்டைக்கரியில் கோழி சுடும் கடையிலிருந்து ஒரு பை வரும். கொண்டுவந்ததை அரித்து, நாலு தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதுவார். கழுவிய சாம்பல் அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு மிருதுவாக இருக்கும்.

அதுதான் என் மாமாவைக் கவிழ்த்தது. மாமா முட்டைகூடத் தொடாத சைவக்காரர். என்னைப் பார்க்க வந்தவர், மாஸ்டரின் வாசல் மேசையில் வெண்கலத் தட்டில் சாம்பல் காய்வதைக் கண்டார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி, மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மாஸ்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, அது கோழிக்கடை."

மாமா குழாயடியில் அரை மணித்தியாலம் நின்றார். இப்போதும் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் புடவைக் கடைக்குத்தான் வருகிறார்.

சமையல் எரிவாயு கிடைக்காமல் போன அந்த மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரே வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மூன்று கல் வைத்து விறகு எரித்தார்கள். கண் எரிந்து, இருமி, எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மட்டும் திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி வாசல் வாசலாகப் போனார். "இண்டைக்கு என்ன விறகு பிள்ளை? மாவா, முருங்கையா? கலந்துபோடாதேங்கோ." ஒரு வீட்டில் அகப்பையால் அடிக்க வந்ததாகக் கேள்வி. ஆனால் சாம்பலைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். சுடத்தான் முடியவில்லை. அடுப்புக்குப் பத்து மணித்தியாலம் விடாமல் மின்சாரம் வேண்டும். அப்போது மூன்று மணித்தியாலம் சேர்ந்தாற்போல இருந்தாலே அதிசயம். டப்பாக்கள் கட்டிலுக்குக் கீழே நிறைந்தன. மாஸ்டர் அவற்றின் மேல் படுத்துக்கொண்டு காத்திருந்தார்.

மின்சாரம் சீரான பிறகு சுட்டார். சூடு உச்சிக்குப் போகும் கடைசி இரண்டு மணித்தியாலத்தில் யாராவது எதையாவது போட, வீடு அணைந்தது. கிண்ணங்கள் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று வந்தன. மறுபடி சுட்டார், மறுபடி அணைந்தது. ஐந்தாம் தடவை றீற்றா அக்காவின் ஃப்ரிட்ஜ் மோட்டர் எரிந்துபோனது.

றீற்றா அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாஸ்டர், இன்னும் ஒருக்கா. அதுவும் சரிவராட்டி அந்த அடுப்ப பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துருவன்."

"ஓம் அக்கா. நியாயம்தான்" என்றார் மாஸ்டர். அன்று அவர் யாருடைய வாயையும் பார்க்கவில்லை.

கடைசிச் சூடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது கிண்ணம், ஒழுங்கையின் ஒன்பது வீட்டுச் சாம்பல். காலை ஆறு மணிக்குப் போட்டார். ஃபேன் இல்லாமல் நான் கூடவே இருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு கறுப்பு வெல்டிங் கண்ணாடியைத் தந்து, அடுப்பின் சின்ன ஓட்டையால் பார்க்கச் சொன்னார். உள்ளே கிண்ணம் எது, சுவர் எது, காற்று எது என்று தெரியவில்லை. எல்லாமே ஒரே வெளிச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சத்துக்குள் விளிம்புகள் தெரிந்தன. விளிம்புகள் ஈரமாகப் பளபளத்தன. ஊரெல்லாம் திட்டிக்கொண்டே ஊதி எரித்த அடுப்புகளின் சாம்பல், அங்கே தண்ணீராகிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முகம் சுட்டது தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு மணித்தியாலம்" என்றார் மாஸ்டர்.

அப்போது றீற்றா அக்காவின் அறையில் அயன் மேசை விரியும் சத்தம் கேட்டது. மாலையில் அவர் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போகவேண்டும். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் போய்க் கேட்கமாட்டார், அக்காவிடம் கேட்கக்கூடிய சலுகையெல்லாம் கேட்டு முடித்துவிட்டார். நான் போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டில் நான் தட்டிய முதல் கதவு அதுதான். றீற்றா அக்கா கையில் அயன் பெட்டியோடு நின்றார்.

"அக்கா... அயன் பண்ண வேண்டாம்."

"என்ன?"

"ரெண்டு மணித்தியாலம். உருகுது அக்கா. நான் பார்த்தனான்."

அக்கா அயன் பெட்டியைக் கீழே வைத்தார். "தம்பிக்கு வாய் இருக்கே" என்றார். பிளக்கைக் கழற்றினார். கசங்கிய சேலையோடு விருந்துக்குப் புறப்பட்டார். படலையைச் சாத்திய விதத்தில் அதன் கொளுக்கி கழன்று விழுந்தது.

மறுநாள் நான் கடைக்கு லீவு சொன்னேன். சூடு ஆறும்வரை காத்திருந்து பின்னேரம் மூடியைத் திறந்தார் மாஸ்டர். றீற்றா அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஒன்பது கிண்ணமும் ஒன்றாகிவிட்டிருந்தன. சாம்பல் உருகி, வழிந்து, கிண்ணத்தைத் தட்டோடும், கிண்ணத்தைக் கிண்ணத்தோடும் ஒட்டியிருந்தது. ஒன்றையும் எடுக்க முடியாது.

"ஓடியிருக்கு" என்றார் மாஸ்டர். "தம்பி, பாரும், ஓடியிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

"இதுக்கா நான் கசங்கின சீலையோட போனன்?" என்றார் றீற்றா அக்கா.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. நடுவில இருக்கிறது உங்கட."

அக்கா குனிந்தார். கிண்ணத்தின் அடியில் பச்சையாக, ஆழமாக, ஒரு விரல் தண்ணீர் நிற்பது போல இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள் நின்றன. எரிவாயு இல்லாத நாட்களில் வேறு வழியில்லாமல் தன் அம்மாவின் பலா அலுமாரியைக் கொத்தி எரித்தவர் அவர். அந்த அடுப்புச் சாம்பல் அது.

"இதுவா அலுமாரி?"

"ஓம்."

அக்கா விரலை விட்டு அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை தொட்டார்.

"ஏன் ஒட்டினது?"

"கூடப் பூசிப்போட்டன். அடியில ஒரு விரல் அளவு பூசாம விட்டிருக்கோணும்."

"அப்ப விட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். பழைய இரும்புக்காரனைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே அந்தப் பெரிய சுவிட்ச் விழும் சத்தம் கேட்கும். றீற்றா அக்காவின் ரேடியோ நிற்கும். நான் எழும்பி ஃபேனை நிற்பாட்டுவேன். பத்து மணித்தியாலம் இரண்டு தட்டிலும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி இருக்கச் சொல்லி எங்களை யாரும் கேட்டதில்லை.