ஒன்பது வீடுகளைப் பள்ளத்தில் வைத்த கதை

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல், தெரிகிறது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது. அதுதான் வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோயமுத்தூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. பல்லடம் பக்கத்தில் சில வருஷமாகச் சரியான மழையில்லை; கிணறுகளில் பாறைதான் தெரிந்தது. எந்த மேட்டில் விழுகிற மழை எந்தப் பள்ளத்தில் வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்துக் கோடு போட்டுவிட்டால் (எங்கள் பக்கத்தில் ஓடைக்குப் பள்ளம் என்றுதான் பெயர்) எங்கே குட்டை வெட்டலாம், எங்கே ஜனங்களைக் குடிவைக்கலாம் என்று திட்டம் போடலாம் என்பது பெரியவர்களின் யோசனை. சங்கிலி பிடித்து அளந்தால் வருஷக்கணக்கில் ஆகும் என்று ஆகாய விமானத்திலிருந்து அந்தப் பகுதியைப் படம் பிடித்து வரவழைத்திருந்தார்கள்.

அந்தப் படங்களைச் சும்மா பார்த்தால் பழைய கம்பளியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. விமானம் போகிற போக்கில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள ஒரு கருவி வழியாகப் பார்க்க வேண்டும். அப்போது இரண்டு படமும் ஒன்றாகி, மேடு எழும்பி நிற்கும், பள்ளம் இறங்கிப் போகும். எங்கள் எஞ்சினீயர் பார்த்தார், தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார், தெரிந்தது. நான் பார்த்தேன். இரண்டு கம்பளி தெரிந்தது.

“தெரியுதா?” என்று எஞ்சினீயர் கேட்டார். பிரமாதமாகத் தெரிகிறது என்று சொன்னேன். (பிரமாதமாக என்ற சொல்லை யார் என்னைச் சேர்க்கச் சொன்னார்கள்?) இப்படிச் சொன்னதற்குப் பலனாக, பல்லடத்துக்குத் தெற்கே ஒரு நெசவாளர் ஊர் அடங்கிய படங்களை என் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் ஆனைமலைப் பக்கம் முகாம் போய்விட்டார்.

தினமும் கருவிக்குமேல் குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவது வாரம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படங்களைத் திரும்ப அடுக்கி வைத்துக் குனிந்தேன். தரை எழும்பியது. கிணறுகள் கோபுரம் மாதிரி மேலே வந்து நின்றன. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிணறு எப்படியப்பா மேலே நிற்கும் என்று கேட்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை. மேலே வந்ததே பெரிது என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். வலது கண்ணுக்கு உரிய படத்தை இடது பக்கமும், இடது கண்ணுக்கு உரியதை வலது பக்கமும் வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் எல்லாம் தலைகீழாகும். மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் ஊரின் முதுகுமேட்டில் போகும் வண்டித்தடத்துக்கு நீலமை தீட்டி ஓடையாக்கினேன். நிஜமான பள்ளத்தின் வெள்ளை மணலை, இதுதான் வண்டித்தடம் என்று எழுதினேன். நீர் சேரும் எல்லையை அழகான சிவப்புக் கோட்டால் சுற்றி வளைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் சொல்கிறேன், கோடு மிக அழகு.

என் வரைபடப்படி குட்டை வெட்டத் தோதான இடத்தில் ஒன்பது வீடுகள் இருந்தன. தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு மிதித்து நெய்கிற குழித்தறிக்காரர்களின் மண்சுவர் வீடுகள். அவர்களை முந்நூறு கஜம் தள்ளி ‘மேட்டில்’ குடிவைப்பதென்று தீர்மானமாயிற்று. அதற்கு முன் மேடுபள்ளம் அளக்கிற லெவல் கருவி வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிடு என்று எஞ்சினீயர் சொல்லி அனுப்பினார்.

அளவுகோல் பிடிக்க மாரப்பன் என்கிற ஊழியரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வயதைவிட அதிக வருஷம் கோல் பிடித்தவர். கருவி வழியாகப் பார்த்தேன். வீடுகள் இருக்கும் இடம் உயரம், புது இடம் தாழ்வு என்று வந்தது. என் படத்துக்கு நேர் எதிர். வெயில் மண்டையைப் பிளந்தது. படம் தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. மாரப்பன்தான் கோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று முடிவு செய்து ஜனங்கள் முன்னாலேயே அவரைத் திட்டினேன்.

“இல்லீங்க சார், நேராத்தானுங்க புடிச்சேன்” என்றார். ‘கோல் தவறாகப் பிடிக்கப்பட்டது, திருத்தப்பட்டது’ என்று அளவுப் புத்தகத்தில் எழுதி, இரண்டு அளவுகளையும் இடம் மாற்றிப் போட்டேன்.

வேடிக்கை பார்த்தவர்களில் ரங்கம்மாள் என்ற அம்மாள் முன்னால் வந்தாள். ஒன்பதில் முதல் வீடு அவளுடையது. புருஷன் தறியில் இருந்தான்.

“ஏனுங்க, நீங்க காட்டற எடம் தண்ணி வர்ற எடமுங்க. நான் வாக்கப்பட்டு வந்த வருசம் ஒரு எருமையவே அடிச்சுட்டுப் போச்சுங்க.”

நான் சிரித்தேன். “நீங்க தரையில நின்னு பாக்கறீங்கம்மா. நாங்க மேல இருந்து பாத்திருக்கறமுங்க” என்றேன். அவள் அண்ணாந்து வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கையில் முத்திரை போட்ட காகிதம் இருக்கிறவனிடம் வேறென்ன பேசுவது?

புரட்டாசிக்குள் ஒன்பது குடும்பமும் பழைய சுவரை இடித்து, மண்ணைச் சுமந்துபோய்ப் புது இடத்தில் சுவர் எழுப்பி, தறிக்குழி வெட்டிக்கொண்டார்கள். ஐப்பசியில், இத்தனை வருஷம் வராத மழை ஒரே மத்தியானத்தில் வந்தது.

மறுநாள் எஞ்சினீயரோடு நானும் போனேன். ஆள் சேதம் இல்லை என்று தாலுகாவிலிருந்து தகவல் வந்திருந்தது. அந்த மூன்று சொற்களை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பழைய வீடுகள் இருந்த மேடு அதற்குள் காய்ந்து கிடந்தது. புது இடத்தில் ஆறு வீடு படுத்துவிட்டது. மூன்று பாதி நின்றது. தறிக்குழிகளில் விளிம்புவரை செந்தண்ணீர். கட்டிப்போட்ட ஆடுகள் கட்டியபடியே செத்துக் கிடந்தன. ரங்கம்மாளின் புருஷன், தறியில் பூட்டியிருந்த பாவு நூலை நனையாமல் எடுக்கலாம் என்று தறிக்குழிக்குள் இறங்கியிருக்கிறான். சுவர் சரிந்து காலில் விழுந்துவிட்டது. தறியை மிதிக்கிற காலில்.

அவள் அந்தப் பாவு நூலை வேலியில் விரித்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். சேற்றை வழித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் படத்துல எங்க ஊடு தெரிஞ்சுதுங்களா?”

தெரிந்தது. ஒன்பதும் தெரிந்தது, கடுகு சிந்தின மாதிரி. “தெரிஞ்சுதுங்க” என்றேன்.

“அப்ப நாங்க இருக்கறது தெரிஞ்சேதான் செஞ்சுபோட்டீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலியின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் எஞ்சினீயர் என் படங்களைக் கருவியின் கீழே நான் வைத்த வரிசையிலேயே வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் இடம் மாற்றி என்னைப் பார்க்கச் சொன்னார். கிணறுகள் பூமிக்குள் இறங்கின. வண்டித்தடம் மேலே வந்தது. நான் கருவியிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. எடுத்தால் அவரைப் பார்க்க வேண்டுமே.

படத்தில் தவறியது அனுபவக்குறைவு, அதை யாரும் செய்யலாம் என்றார். ஆனால் லெவல் எடுத்தபோது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை நம்பித்தான் தாம் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அளவுப் புத்தகம் மேஜையில் விரிந்து கிடந்தது. “மாரப்பன் கோலைத் தலைகீழாப் பிடிச்சானா?”

ஆமாம் என்று சொன்னேன்.

மாரப்பனை அன்றே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் நான் ஆபீசுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். (நன்றாகவே சாப்பிட்டேன். அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.) ஐந்தாம் நாள் எஞ்சினீயர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நேர்மை பொங்கி அல்ல. மாரப்பன் அன்று காலை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்து வழக்கம்போல் கும்பிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, பழைய காகிதங்களைக் கட்டிவைக்கும் அறைக்கு அனுப்பினார்கள். நான் இருந்த பக்கம் மாரப்பன் அப்புறம் வரவேயில்லை. ரங்கம்மாள் குடும்பம் தறியை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எந்த மில் என்று நான் விசாரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் இதைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்: இரண்டு படத்தை இடம் மாற்றி வைத்து ஓர் ஊரையே கவிழ்த்துப் பார்த்த முட்டாள் என்று. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. புது ஊரில் நான் வலது பக்கம் என்றால் எல்லோரும் பேசாமல் இடது பக்கம் திரும்புவார்கள். துடியலூரில் வீடு கட்டும்போது மகள் என்னைத்தான் முதலில் கூப்பிட்டு, மனை எந்தப் பக்கம் தாழ்வு என்று கேட்டாள். யோசித்துக் கிழக்கு என்றேன். மேற்கே சாக்கடை வைத்தாள். கொத்தனார் மட்டம் பார்த்துவிட்டு, அம்மணி சரியாத்தான் வெச்சிருக்கறீங்க என்றார். படம் மாறிய கதையில் ஆரம்பித்து இந்தச் சாக்கடை வரைக்கும் மருமகன் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், நன்றாகத்தான் சொல்கிறார்.

போன தையில் சொன்னபோது பேத்தி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள். நீங்க கவுத்துப் பாத்த அந்த எடத்துல ஆரும் குடியிருந்தாங்களாங்க தாத்தா என்று கேட்டாள்.

“ஆரும் இல்ல கண்ணு” என்றேன். “வெறுங்காடு.”