பாட்டு வராத ஹெட்போன்

"ஏம்ப்பா, வெண்டைக்கு என்ன மருந்து அடிக்கணும்னு கேட்டா, நீ டூயட்டுப் போடுற?"

போனில் விதைக் கம்பெனி மேலாளர் சுந்தரலிங்கம். விவசாயி மாதிரி கூப்பிட்டு வேவு பார்த்திருக்கிறார் மனுசன். மதன்குமார் அவசரமாக விளக்கம் சொன்னான்.

"வீட்டுக்குப் பின்னாடி ரேடியோ டவரு சார். அதுல ஓடுற பாட்டு ஹெட்போன் வயருக்குள்ள பூந்து வருது."

"வேற ஹெட்போன் வாங்கு. இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளப் பாத்துக்கிருவோம்."

திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டுவந்து, பெண்டாட்டி பாண்டீஸ்வரியோடும் கைக்குழந்தை அபிதாவோடும் தேனியிலேயே இருக்கக் கிடைத்த பிழைப்பு இது. விதைக் கம்பெனி அவன் வீட்டுக்கே ஒரு போன் போட்டுக் கொடுத்திருந்தது. விவசாயிகள் காசில்லாமல் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கலாம். மற்ற ஊர் ஆட்களைவிட இவனுக்குத்தான் அழைப்புகள் அதிகம், அதிலும் வருசநாட்டு மலையிலிருந்து ஓயாமல் வரும். அங்கே மலைச்சாமி என்று ஒரு பெரியவர். காலையில் கத்தரியைப் பற்றிக் கேட்பார், மத்தியானம் அதே கத்தரியை மறுபடியும் கேட்பார். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, அவசரமில்ல" என்பார்.

"என் கொரல்ல ஏதோ ஒண்ணு இருக்குடி" என்பான் மதன்குமார்.

"இருக்கும், இருக்கும். அந்தக் கொரல வச்சு கொழாயடியில ஒரு கொடம் தண்ணி பிடிச்சுட்டு வாங்க பாப்போம்" என்பாள் பாண்டீஸ்வரி.

பஜாரில் புது ஹெட்போன் வாங்கினான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு நீள வயர் போட்டு அடுப்படிக்கு மாறினான். வயர் நீண்டதில் பாட்டு இன்னும் கணீரென்று வந்தது, நேயர்கள் பெயர்கூடத் தெளிவாகக் கேட்டது. சரி, வயரே வேண்டாமென்று வயர் இல்லாத ஹெட்போனுக்குத் தாவினான். பாட்டோடு பக்கத்து வீட்டு அக்கம்மாளின் கார்ட்லெஸ் போனும் சேர்ந்துகொண்டது. தக்காளிச் செடி வாடுகிறது என்ற கம்பத்து விவசாயிக்கு, "மாமியா கண்ணுல படாம நாலு நாளைக்கு ஒதுங்கி இரு" என்று அக்கம்மாள் தன் மகளுக்குச் சொன்ன யோசனைதான் போய்ச் சேர்ந்தது. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"பாட்டு வந்தா வந்துட்டுப் போகுது, விடுங்க. கூப்பிடுறவுக யாரும் கொறை சொல்லலையே" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஒனக்கென்ன தெரியும், இது ஆபீஸ் வேலை" என்று அவள் வாயை அடைத்தான். அப்போதே கேட்டிருக்கலாம், பாவி.

மதுரைக்குப் போய், வயருக்கு மேல் கம்பி வலை சுற்றிய கனத்த ஹெட்போன் ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தான். லைன் துடைத்துவிட்டது போல் சுத்தமானது. மதன்குமார் நிம்மதியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அழைப்புகள் குறைந்தன. வருசநாட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள், கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார்கள், வைத்துவிடுவார்கள். மலைச்சாமியும் "ஒண்ணுமில்ல தம்பி" என்று ஒருநாள் வைத்தவர்தான், அப்புறம் கூப்பிடவே இல்லை.

"லைனு சுத்தமாத்தான் இருக்கு, கூப்பிடத்தான் ஆளில்ல" என்று சொல்லி சுந்தரலிங்கம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் திருப்பூர். அபிதா அப்போதுதான் அவன் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாண்டீஸ்வரி ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. எந்த மருந்தைத் தப்பாகச் சொன்னோம், யார் செடி கருகியதோ என்று வழியெல்லாம் மருகினான்.

தேனி பஸ் ஸ்டாண்டில், பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற பெரியவர், "தம்பி, வருசநாட்டு வண்டி எங்கன நிக்கும்?" என்றார். அந்தக் குரலை அவனால் மறக்க முடியுமா?

"மலைச்சாமி ஐயாதான? நான் விதைக் கம்பெனி மதன்குமாரு. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாய்யா? ஏன் கூப்பிடுறதையே நிறுத்திட்டீக?"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, நீங்கதானா அது? எங்க மலைக்குள்ள ரேடியோ எடுக்காது தம்பி. ஒங்க நம்பரைப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சுத்தான் தெருவே சுத்தி உக்காந்து பாட்டுக் கேட்டோம். நடுவுல நீங்கதான் வெதை, மருந்துன்னு பேசிப் பேசிக் கெடுத்துக்கிட்டே இருந்தீக."