பிரசங்கத்துக்குப் பிறகு நாலு நிமிடம்

பிரசங்கம் செய்கிறவனுக்குத் தன் குரலில் காதல் வந்துவிட்டால் ஆண்டவராலும் அவனைத் திருத்த முடியாது. எனக்கு அந்தக் காதல் யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொட்டாஞ்சேனையில் பங்குத்தந்தையாக இருந்தபோது வந்தது.

பங்கில் பாதிப் பேர் கனடாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளவத்தையில் என் அக்காவோடு இருந்த அத்தான், “உம்மட பிரசங்கத்தை இன்ரர்நெற்றில போட்டா அவையளும் கேப்பினம்” என்றார். சின்ன ரெக்கோடர் ஒன்று வாங்கி அங்கிக்குள் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவேன். பிரசங்கத்தை ஏற்றிவிட்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று திரையைப் பார்த்தபடி இருப்பேன். (சோறு ஆறிப்போகும்.)

அந்த ஞாயிறு வாசகம், நியாயம் கேட்டு வந்த கைம்பெண்ணை அலையவைத்த நீதிபதி பற்றியது. விளாசினேன். நான் கொடுத்த கொடுப்பில் அந்த நீதிபதி உயிரோடு இருந்திருந்தால் ராஜினாமா செய்திருப்பான்.

உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்தால், இடியப்பம் அவித்து விற்கும் பிலோமினா அக்கா நின்றார். (ஓம், அவரும் கைம்பெண்தான். எனக்கு அது உறைக்கவில்லை.)

“ஃபாதர், என்ர மகன் ஜூட்டை விடியப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். ஐடென்டிகாட் காட்டியும் விடேல்லை. இந்தக் கோவில் பிள்ளையெண்டு ஒரு கடிதம் தந்தீங்களெண்டா இப்பவே கொண்டுபோய்க் குடுப்பன்.”

“ஞாயிற்றுக்கிழமை ஒஃபிஸ் பூட்டு அக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ.”

“ரெண்டு வரி போதும் ஃபாதர்.”

“ஒரு ஒழுங்கு இருக்குத்தானே. நான் அவசரமா வெள்ளவத்தைக்குப் போகோணும். செபியுங்கோ.”

ஒஃபிஸ் பூட்டின் திறப்பு என் பொக்கற்றில்தான் கிடந்தது.

சோதனைச் சாவடியில் இறங்கி, ஏறி, அக்கா வீட்டுக்குப் போய் பிரசங்கத்தை ஏற்றினேன். முதல் பத்து நிமிடத்தை இரண்டு தரம் கேட்டேன். முடிவைக் கேட்கவில்லை. நன்றாகத்தான் முடித்திருந்தேன் என்று எனக்குத் தெரியுமே!

திங்கள் காலை எட்டரைக்கு ரெலிபோன் அடித்தது.

“ஃபாதர், நான் பிலோமினான்ர மகள் அனிற்றா. டொரன்டோவில இருந்து.”

“ஆ, பிள்ளை! பிரசங்கம் கேட்டனீங்களோ?” (உண்மையாகவே இதைத்தான் கேட்டேன்.)

“கேட்டனான். சமைச்சுக்கொண்டு நிண்டதால முடிஞ்சாப்பிறகும் நிப்பாட்டேல்லை. பிறகு அம்மான்ர குரல் கேட்டுது. தம்பியைப் பிடிச்சது எனக்குத் தெரியாது ஃபாதர். ஒருத்தரும் சொல்லேல்லை. கடிதம் குடுத்திட்டீங்களோ?”

ரெக்கோடரை நிறுத்த மறந்திருக்கிறேன். பிரசங்கத்துக்குப் பிறகு பூசையின் மிச்சம், அதற்குப் பிறகு நானும் பிலோமினா அக்காவும் நாலு நிமிடம்.

வீட்டுச் செருப்போடு, கையில் கடிதத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். மரியாதையான ஒரு அதிகாரி கதிரை போட்டார். ஜூட்டைக் காலையிலேயே தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். “ஈயே ஆவா நம், ஃபாதர்…” என்றார் சிங்களத்தில். நேற்று வந்திருந்தால்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நானும் பிலோமினா அக்காவும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். அவர் என்னை ஒரு தரம்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஜூட் வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. பிறகு டொரன்டோவுக்கு அனிற்றாவிடம் போய்விட்டான்.

அந்த ஒலிப்பதிவை நான் திங்கட்கிழமையே அழிப்பித்துவிட்டேன். அதற்குள் என் பிரசங்கங்களிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான் என்றார் அத்தான். ஆசைப்பட்டது கிடைத்தது.

பிலோமினா அக்கா காலமாகிச் சில வருடங்களாகின்றன. அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை. அனிற்றா அன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாளாம். ஆண்டுத் திவசத்துக்குக் குடும்பமாக உட்கார்ந்து அந்த நாலு நிமிடத்தைப் போட்டுக் கேட்பார்களாம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் கோப்பை கழுவச் சொன்னால் மட்டும் என் குரலில், என் இழுவையோடு, “நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ” என்று பிழையில்லாமல் சொல்லுகிறார்களாம்.

அனிற்றா இதை ரெலிபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஜூட்டும் சிரிப்பானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.