அகிலாவின் மூன்று நிமிடம்

முந்தாநாள் காலை பெரிய தீர்மானம் ஒன்று எடுத்தேன். செத்துப்போன என் மகளின் குரலை அழித்துவிடுவது.

அகிலா தடா ரோட்டில் லாரி மோதிப் போய் எட்டு மாதம். அவளுடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. "அம்மா, நைனா தலவாணி அடியில மைசூர்பாகு வெச்சிகினு துன்றாரு, சுகர் ஏறப்போவுது" என்று சிரித்துக்கொண்டே என்னைக் காட்டிக்கொடுப்பாள். என் மனைவி ருக்மணி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத்தான் சமைப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை நான் மைசூர்பாகு திருடினேன். நூறு தடவை அகிலா சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

ருக்மணி துணி உலர்த்த மாடிக்குப் போனாள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, எனக்குத் தெரிந்த ஒரே கட்டளையை அடித்தேன். கோப்பு போயிற்று. கட்டளையால் அழித்தால் குப்பைத்தொட்டியில்கூடத் தேட முடியாது.

குரல் நிற்கவில்லை. "அம்மா, நைனா..."

கோப்பு இல்லை, பெண்ணும் இல்லை, பேச்சு மட்டும் வருகிறது. இது நின்றால் இனி என்றைக்கும் இல்லை. நான் விரும்பியதும் அதைத்தானே? அப்படியும் கத்திவிட்டேன்.

"ருக்கு!"

ஈரக் கையோடு ஓடிவந்தாள். "இன்னாய்யா?"

"அகிலாவ அழிச்சிட்டேன்."

திரையைப் பார்த்தாள். "ஓடறத எதுனா நிறுத்தினியா?"

"இல்ல."

"கை வெக்காத. பிளக் பக்கம் போவாத. தள்ளு."

"உனுக்கு இன்னா தெரியும்? திருப்பதி காலேஜ் லேப்ல தூசு தட்டினவ நீ!"

"இருவத்திரண்டு வருசம் தட்டினேன். பசங்க ப்ராஜெக்ட்ட அழிச்சிட்டு அழுவுங்க. யாரு எடுத்துக் குடுத்தான்னு நெனச்சே?"

தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள். "டிலீட் பண்ணா பேருதான்யா போவும். ஓடிகினு இருக்கற வரைக்கும் உள்ள இருக்கறது போவாது."

ஓடும் நிரலின் எண்ணைத் தேடி, அது இன்னும் பிடித்து வைத்திருந்த பதிவை வேறு இடத்தில் நகலெடுத்தாள். நாலே வரி. அதற்கப்புறம்தான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் முழுதாகக் கேட்டோம். நான் விக்கி விக்கி அழுதேன். மகளை எரித்துவிட்டு வந்த அன்றுகூட அழாதவன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னும் இன்னா?"

"ஃபைல என் பேருக்கு மாத்தறேன். பாஸ்வேர்டும் எனுது."

"அப்ப நானு?"

"நீ கேட்டுகினு இருக்கலாம். அதுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்திருக்கேன்."