லோர்னா டீச்சரும் கூரைச் சட்டமும்

வில்லோ ஃபோர்க் ஆரம்பப் பள்ளியில் நாலாம் எண் அறையின் கூரை ஒழுகிற்று. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகும். கூரை ஒழுகினால் வாளி வைப்பார்கள். வாளி நிரம்பினால் மனு எழுதுவார்கள். அந்த அறையில் இருபத்தோரு வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுத்து வந்த லோர்னா ஹாஸ்கெட் டீச்சர், முறைப்படி பதினான்கு மனுக்கள் எழுதினார். கடைசி மனுவுக்குத் தலைநகரிலிருந்து பதில் வந்தது: ‘ஆவண அறையின் கூரை ஒழுகியதால் தங்கள் மனுக்கள் அனைத்தும் நனைந்துவிட்டன. அன்புகூர்ந்து மீண்டும் அனுப்பவும்.’

டீச்சர் அனுப்பவில்லை. காரை எடுத்துக்கொண்டு தானே போய்விட்டார்.

சட்டசபைக் கல்விக் குழு கூடியிருந்தது. தலைவர் செனட்டர் பர்டெட் டோனட் தின்றுகொண்டிருந்தார். ஒருவர் போனில் மீன் பிடிக்கும் படம் பார்த்தார். இருவர் கால்பந்து பேசினார்கள். டீச்சர் மைக் முன்னால் நின்று, “ஐயா, எங்க பள்ளிக்கூடக் கூரை...” என்று மூன்று தடவை ஆரம்பித்தார். யாரும் நிமிரவில்லை. வகுப்பை அடக்கும் பழக்கதோஷத்தில் டீச்சர் இரண்டு கையையும் உயர்த்தி மூன்று தட்டுத் தட்டினார்.

அறை அடங்கிவிட்டது. ஒருவர் வாயிலிருந்த சூயிங்கத்தைத் துப்பிக் கையில் மறைத்தார். செனட்டர் பர்டெட் கைகட்டி உட்கார்ந்தார்.

பின் வரிசையிலிருந்த டுவைட் கெசல் எழுந்து நின்றே விட்டார். டுவைட் முப்பது வருஷ லாபியிஸ்ட். சட்டசபைத் தாழ்வாரத்தில் நின்று, போகிற வருகிற உறுப்பினர்களின் காதில் ஓதி, வேண்டியவர்களுக்கு வேண்டிய சட்டத்தை வாங்கித் தருவது அவர் தொழில். திங்கட்கிழமை சிகரெட் கம்பெனிக்காகப் பேசுவார். செவ்வாய்க்கிழமை நுரையீரல் ஆஸ்பத்திரிக்காகப் பேசுவார். இரண்டு நாளும் கண்ணில் தண்ணீர் வரும்.

“டீச்சர், நீங்க தப்பான பசங்களுக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கீங்க” என்றார் வெளியே வந்ததும். “உங்க பசங்க வளர்ந்துடுவாங்க. இவங்க வளரவே மாட்டாங்க. ஆயுசுக்கும் வேலை இருக்கு.”

அடுத்த மாதமே டீச்சர் ராஜினாமா செய்தார். ஆசிரியர் சங்கம் அவரைத் தன் லாபியிஸ்டாக அமர்த்திக்கொண்டது. தலைமையாசிரியை இனெஸ் டாலிவர் வழியனுப்ப வந்தார்.

“ஒரே ஒரு கூரை, லோர்னா. அதை வாங்கிட்டுத் திரும்பி வந்துடு.”

“ஆறே மாசம்டீ” என்றார் டீச்சர். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

டீச்சருக்குத் தெரிந்தது ஒரே வித்தை. அதையே செய்தார். நல்லபடியாக ஓட்டுப் போட்ட உறுப்பினரின் கோட்டில், வகுப்பில் நல்ல பிள்ளைக்கு ஒட்டுவதுபோல, ஒரு தங்கக் காகித நட்சத்திரம் ஒட்டினார். ஒரு வாரத்தில் பர்டெட் தாழ்வாரத்தில் வழிமறித்தார்.

“செனட்டர் ஹாலிஸுக்கு மூணு ஸ்டார் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒண்ணுதான். நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“ஹாலிஸ் மசோதாவைப் படிச்சுட்டு ஓட்டுப் போட்டார், செனட்டர்.”

“படிச்சாரா?” பர்டெட் முகம் வெளிறிவிட்டது. “இதெல்லாம் முன்னாடியே சொல்றதில்லையா?”

பிறகு அது நாகரிகமாகிவிட்டது. நட்சத்திரமில்லாத கோட்டுடன் விருந்துக்குப் போவது அவமானம் என்றானது. மற்ற லாபியிஸ்டுகளும் சும்மா இருக்கவில்லை. பட்டு டையைக் கழற்றிவிட்டு டீச்சர் மாதிரியே கம்பளி ஸ்வெட்டர் போட்டார்கள். கண்ணாடிக்குச் சங்கிலி கட்டினார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் மணிச்சட்டத்தோடு நடமாடினார். நிலக்கரிச் சங்கத்துக்காரர் கைக்குட்டையில் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு வந்து தும்மினார்.

இந்தச் சூழ்நிலையில்தான் டீச்சர் தன் மசோதாவைக் கொண்டுவந்தார். ஒரே வரி: ‘ஒழுகும் பள்ளிக் கூரைகள் உடனே செப்பனிடப்படும்.’

“ஒரே வரியா?” என்றார் பர்டெட் வருத்தத்துடன். “இதை யாரும் மதிக்க மாட்டாங்களே. பள்ளின்னா என்ன? விளக்கம் வேணும்.”

“பசங்க வந்து கத்துக்கிற இடம்.”

“பசங்க சுற்றுலாவா சட்டசபைக்கு வர்றாங்க இல்ல?”

“வர்றாங்க.”

“எதாவது கத்துக்கறாங்களா?”

டீச்சர் தயங்கினார். இல்லை என்று சொன்னால் சட்டசபைக்கு அவமானம். “கத்துக்கறாங்க” என்றார்.

“அப்ப சட்டசபையும் பள்ளிக்கூடம்தான். எங்க கட்டடத்துக் கோபுரமும் ஒழுகுது. பெரிய பள்ளிக்கு முதல்ல, சின்னப் பள்ளிகளுக்கு அப்புறம். நியாயம்தானே?”

டுவைட் டீச்சரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “ஒத்துக்கோங்க. இல்லேன்னா மசோதா இந்த அறையிலேயே செத்துடும்.”

டீச்சர் ஒத்துக்கொண்டார். அன்று ஒரு நட்சத்திரம்கூட ஒட்ட மனம் வரவில்லை. மசோதா ஒருமனதாக நிறைவேறியது. கையெழுத்துப் போட்ட பேனாவைக் கவர்னர் அவருக்கே பரிசளித்தார். அதில் மை இல்லை.

கோபுர வேலைக்காகச் சட்டசபைக் கட்டடத்தை மூடினார்கள். அப்படியானால் சபை எங்கே கூடுவது? சட்டப்படி சட்டசபை ஒரு பள்ளி. பள்ளியை இன்னொரு பள்ளிக்குத்தான் மாற்றலாம் என்று சட்ட ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். எந்தப் பள்ளி என்று எல்லோரும் விழித்தபோது டீச்சர் எழுந்தார்.

“வில்லோ ஃபோர்க். நாலாம் எண் அறை ரொம்ப வசதி.”

வாழ்க்கையில் அவர் செய்த ஒரே தந்திரம் அது. குழந்தைகளை ஆறு வாரத்துக்கென்று மைதானத்துத் தகர அறைகளுக்கு அனுப்பினார்கள். செனட்டர்கள் சின்ன நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் மழை பெய்தது. முதல் சொட்டு பர்டெட்டின் வழுக்கையில் விழுந்தது. அவசர நிலை பிரகடனமாயிற்று. மூன்றே நாளில் புதுக் கூரை.

இனெஸ் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதார். “சாதிச்சுட்டடீ!”

ஆறு வாரம் முடிந்தபோது கோபுர வேலை இன்னும் நான்கு வருஷம் ஆகுமென்று தெரிந்தது. இனெஸ் பள்ளியைத் திருப்பிக் கேட்டார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதற்குள் ஊரின் ஒரே தங்கும் விடுதியில் இடமில்லாமல் போயிருந்தது; முடிதிருத்துபவர் இரண்டு ஆள் சேர்த்திருந்தார்; காப்பிக் கடையில் ‘செனட்டர் ஆம்லெட்’ வந்திருந்தது.

“பசங்க எங்க வேணாலும் படிப்பாங்க” என்றார் விடுதிக்காரர் வெர்ன் ஸ்டாடல்மன். அவர் மகள் ஓப்பல் மூன்றாம் வகுப்பு. “சட்டசபைக்குத்தான் நல்ல கட்டடம் வேணும்.”

சபை ஊரிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். வேண்டாம் என்றவர்கள் ஒன்பது பேர். அதற்கான சட்டத்தை வாங்கித் தர ஊரே சேர்ந்து ஒரு லாபியிஸ்டை அமர்த்தியது. லோர்னா டீச்சரை விட்டால் வேறு யார்? டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். சொந்த ஊர், சொந்த ஜனம், பாதிப் பேர் தன்னிடம் படித்தவர்கள். மறுத்தால் யாரோ ஒருத்தர் செய்யத்தான் போகிறார். டுவைட் முப்பது வருஷமாகச் சொல்லிவந்த அதே காரணம் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குத் தோன்றிற்று. சட்டம் வந்துவிட்டது.

வசந்த காலத்தில் மூன்றாம் வகுப்பு, சட்டசபை பார்க்கச் சுற்றுலா வந்தது. மைதானத்தைக் கடந்து வந்தால் போதும். பெற்றோரும் கூட வந்தார்கள். நாலாம் எண் அறை வாசலில் டீச்சர் நின்றிருந்தார். ஓப்பல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், இப்ப நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“வேண்டியவங்களுக்கு வேண்டிய சட்டத்தை வாங்கித் தர்ற வேலைம்மா.”

ஓப்பல் மைதானத்துத் தகர அறைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நாங்க வேண்டாதவங்களா?”

டீச்சர் உதவிக்குப் பெற்றோர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் பர்டெட்டோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். வெர்ன் மட்டும் மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

“உஷ்! சும்மா இரு ஓப்பல். உள்ள நம்ம பிரதிநிதிங்க வேலை பாக்கறாங்க.”