சோபாவுக்குள் கிடைத்த கவிஞர்

அம்மாவை வேலைக்கு அனுப்புவதில்லை என்று அப்பா முடிவெடுத்தார். எங்கள் வீட்டில் அப்பா முடிவெடுப்பதை யாரும் தடுப்பதில்லை. அதன்படி எதுவும் நடக்காது, அவ்வளவுதான்.

அப்பா சோபா பழுது பார்ப்பவர். மரச்சட்டம், ஸ்பாஞ்ச், ஆணி எல்லாம் அவர். உறை தைப்பது அம்மா. பதினெட்டு வருஷமாக. ஒருநாள்கூட நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது ஒரு நாடகக் குழு அம்மாவை உடுப்பு தைக்கக் கூப்பிட்டுவிட்டது. அம்மா போனால் உறை யார் தைப்பது? அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, பிரித்துப்போட்ட பழைய சோபாவுக்குள்ளிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று விழுந்தது. அட்டையில் வழுக்கைத் தலை, கூர்தாடி.

"இங்கிலீஷ் நாடகக் கவிஞர். நானூறு வருஷமா உலகமே இவர் பேச்சைத்தான் கேக்குது. நீங்களே வெச்சுக்கங்க" என்றார் சோபாவைப் பழுதுக்குக் கொண்டுவந்தவர்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கும்தான்; அதில் கோட்டை விட்டுத்தான் பள்ளியை விட்டேன். ஆனாலும் அன்று மாலையே அப்பா அம்மா முன்னால் புத்தகத்தை விரித்துத் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரு, கவிஞர் சொல்லியிருக்கார். ஊசி பிடிச்ச பொம்பளை வாசப்படி தாண்டக் கூடாதாம்."

"அவரும் சோபா வேலைதானா?"

"கிண்டலா? நானூறு வருஷத்து ஞானம்டி!"

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. ஞானம் கொட்டிடப் போகுது."

அப்பா அசரவில்லை. மறுநாள், புருஷன் ஆணி அடிக்கையில் பெண்டாட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கவிஞர் சொன்னார். அதற்கு மறுநாள், நாடகக்காரர்களை நம்பாதே என்றார். நாடகம் எழுதிப் பிழைத்தவர்!

"சும்மா அடிச்சு விடாதீங்கப்பா" என்றேன்.

"பெரியவங்க படிக்கும்போது குறுக்கே பேசாதே."

அம்மா உறை தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி இருந்தது.

நாலாம் நாள் குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினாள். "என்னங்க, நீங்க படிச்சதை எல்லாம் நாடகக் குழு டைரக்டர்கிட்ட சொன்னேன். அசந்துட்டார்."

"அப்படியா!" அப்பாவின் நெஞ்சு புது ஸ்பாஞ்ச் மாதிரி விரிந்தது.

"முப்பது வருஷமா அந்தக் கவிஞர் நாடகம்தான் போடுறாராம். இதெல்லாம் அவர் கண்ணுல பட்டதே இல்லையாம். எந்தப் பக்கம்னு கேக்க நாலு மணிக்கு வர்றார்."

ஸ்பாஞ்ச் அமுங்கியது. "இன்னைக்கா?"

"இப்ப மூணே முக்கால்."

கதவு தட்டும் சத்தம். அப்பா சோபாச் சட்டத்துக்குப் பின்னால் பாய்ந்தார்.

"நான் இல்லைன்னு சொல்லு!"

"நான் வேலைக்கு வர்றேனான்னு கேப்பாரே?"

"வர்றேன்னு சொல்லு!"

"வீட்டுக்காரருக்குச் சம்மதமான்னு கேட்டா?"

"சம்மதம்னு சொல்லித் தொலை! ஆளை அனுப்புடி!"

அம்மா கதவைத் திறந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர்.

"தம்பி, இவர் சம்மதம்னு சொன்னது கேட்டுச்சா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சுக்கா."

அப்பா மெல்லத் தலையை நீட்டினார். "டைரக்டர் எங்கே?"

"அவர் எதுக்கு இங்க வரணும்? நாளைக்கு நான்தானே அங்க போறேன்."

போனாள். முதல் நாளே அப்பா வீம்பாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஒரு சோபா உறையைத் தானே தைத்து முடித்தார். சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்துதான் அவர் சட்டையை அதிலிருந்து பிரித்தெடுத்தாள்.